மாணவர் ஏடும் மடிப்பணமும்

கல்லூரிதோறும் ஆண்டுக்கொரு மலர் மலர்கிறது. வழவழப்பான தாள், வண்ண அட்டை, பொன்னெழுத்தில் கல்லூரியின் பெயர். மலர் என்று பெயர் சூட்டினார்கள்; மணம் உண்டா என்று முகர்ந்து பார்த்தவர் மிகச் சிலர்.

அதனைப் புரட்டிப் பாருங்கள். முதற் பக்கத்தில் அமைச்சரின் வாழ்த்து. அடுத்த பக்கத்தில் துணைவேந்தரின் வாழ்த்து. அதற்கடுத்து முதல்வரின் ஆண்டறிக்கை. பின்னர் வரிசை வரிசையாக நின்றும் அமர்ந்தும் எடுத்துக்கொண்ட குழுப் படங்கள். இவ்வளவும் கடந்த பிறகு, அன்னையைப் பற்றி ஒரு கவிதை, மழையைப் பற்றி ஒரு கவிதை, பெண்ணுரிமை பற்றி எவரையும் உறுத்தாத ஒரு கட்டுரை, பழைய துணுக்குகள் பத்து. விடுதிச் சோற்றில் புழு நெளிந்த செய்தி அதில் இராது. உதவித்தொகை ஆறு திங்கள் தாமதமான செய்தி இராது. மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் வராத செய்தியும் இராது. இத்தனைக்கும், அந்த மலர் அச்சாகி வருவதற்குள், அதில் எழுதிய மூன்றாமாண்டு மாணவன் கல்லூரியை விட்டே போயிருப்பான்!

இதனை மாணவர் ஏடு என்று அழைக்கலாமா? அழைப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எதை எழுதுவது என்று முடிவு செய்பவர் யார்? எழுதியதை வெளியிடலாமா என்று முடிவு செய்பவர் யார்? பணப்பெட்டியின் திறவுகோல் யார் மடியில் இருக்கிறது? முதலிரண்டு கேள்விகளைப் பற்றி மேடைகளில் நிரம்பப் பேசியாயிற்று. மூன்றாவது கேள்வியைப் பேசுவாரில்லை. அந்த மூன்றாவது கேள்விக்குரிய விடைதான் முதலிரண்டு கேள்விகளுக்குரிய விடையையும் எழுதுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மலருக்குப் பணம் கொடுப்பவர் யார்? மாணவரே! கட்டணச் சீட்டை எடுத்துப் பார்த்தால், நூலகம், விளையாட்டு, அடையாள அட்டை என்னும் வரிசையில் எங்கோ ஒரு மூலையில் மலருக்கான தொகையும் ஒட்டிக்கொண்டிருக்கும். கொடுத்தவனுக்கே தான் கொடுத்தது தெரியாது. எத்தனை படி அச்சாயிற்று, தாளுக்கு என்ன விலை, அச்சுக்கூலி எவ்வளவு, மிச்சம் எங்கே என்று கேட்கும் வழக்கமும் இல்லை. கேட்டால் சொல்லும் வழக்கமும் இல்லை. உலகில் எந்த ஏட்டுக்கும் கிடைக்காத பேறு இது: வாங்குவோர் ஆயிரவர், வாசிப்போர் ஐம்பதின்மர், வருவாய்க்கோ குறைவே இல்லை! வாசகன் படிக்காவிட்டாலும் நட்டமில்லை என்னும் நிலை எந்த ஏட்டுக்கு வாய்க்கிறதோ, அந்த ஏடு வாசகனை மறந்துவிடும். இதில் எவர் மீதும் குற்றம் சுமத்த வேண்டியதில்லை. பணத்தின் இயல்பு அது.

மலரால் நன்மையே இல்லை என்று சாதிப்பது நேர்மையாகாது. முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த குடும்பத்துப் பிள்ளை, தன் பெயரை அச்சில் காணும் இன்பத்தை அந்த மலரே தந்தது. அந்த ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்துப் போற்றும் தாய்மார் இருக்கிறார்கள். ஈழத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' ஆண்டிதழாக வெளிவந்ததுதான். ஆயினும் மாணவர் சங்கம் ஒன்று பொறுப்பேற்று நடத்தியதால், அது இலக்கிய வரலாற்றில் இடம் பெற்றது. ஆகவே ஆண்டுக்கொருமுறை வருவது குற்றமன்று. யார் பொறுப்பில் வருகிறது என்பதே கருதத்தக்கது.

மாணவர் தாமே பொறுப்பேற்றால் ஏடு எப்படியிருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. திருவாரூரில் பள்ளிப் பருவத்திலேயே மு. கருணாநிதி 'மாணவநேசன்' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள், பதினெட்டு வயதில், 'முரசொலி'யைத் துண்டறிக்கையாகத் தொடங்கினார். 'சேரன்' என்னும் புனைபெயரில் எழுதினார். அந்த ஏடு தொடர்ந்து வந்ததா? இல்லை. நின்றது, மீண்டும் எழுந்தது, 1954இல் சென்னையிலிருந்து கிழமை இதழாக வந்தது, 1960 செப்டம்பரில் நாளேடாயிற்று. இக்கதையை நாம் வீரக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். பொருட்கணக்காகவும் அதனைப் படிக்க வேண்டும். எழுத்து வற்றியதால் அவ்வேடு நிற்கவில்லை. இளைஞரின் மடியில் காசில்லை. போர்க்காலத்தில் தாளும் அரிதாயிருந்தது. துடிப்பு ஓர் ஏட்டைத் தொடங்கும். அதனைத் தொடர்ந்து நடத்துவதற்குத் துடிப்பு மட்டும் போதாது என்பதே அக்கதை தரும் பாடம்.

ஏட்டைக் கொல்ல விரும்புவோர் இந்த உண்மையை நம்மினும் நன்கு அறிவர். செஞ்சி மலைக்குத் தென்கிழக்கே உள்ள புதுவையில் 1908இல் பாரதியாரின் 'இந்தியா' ஏடு குடிபுகுந்தது. பிரெஞ்சு மண்ணில் இருந்த அச்சகத்தை வெள்ளை அரசால் தொட முடியவில்லை. என்ன செய்தது? பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் ஏடு நுழையாமல் தடுத்தது. வாசகர் எல்லாரும் எல்லைக்கு இந்தப் பக்கம். ஏடு அந்தப் பக்கம். வருவாய் அறுந்தது, 1910இல் 'இந்தியா' நின்றது. 1925இல் பெரியார் தொடங்கிய 'குடி அரசு' மீது அடக்குமுறை பாய்ந்தபோது, 'புரட்சி', 'பகுத்தறிவு' என்று புதுப் பெயர்களில் ஏடுகள் எழ வேண்டியிருந்தது. அக்காலத்துச் சட்டம் கண்ட தந்திரம் ஜாமீன் தொகை கேட்பது! 'எழுதாதே' என்று சொன்னால் ஊர் கொதிக்கும். 'பணம் கட்டிவிட்டு எழுது' என்று சொன்னால் ஊர் உறங்கும். இன்றைய கல்லூரிகளிலும் வாய்ப்பூட்டு அந்த உருவிலேயே வருகிறது. 'நிதி இல்லை' என்னும் இரண்டே சொற்கள் போதும்.

மாணவர் ஏடுகள் நூறாண்டுக்கு மேல் வேரூன்றிய அமெரிக்காவில் நடப்பதைப் பாருங்கள். 1867இல் தோன்றிய 'இந்தியானா டெய்லி ஸ்டூடண்ட்' ஏட்டுக்கு 2025 அக்டோபரில் என்ன நேர்ந்தது? அச்சிதழில் செய்தி வேண்டா, விழாச் சிறப்புப் பக்கங்கள் மட்டும் இருக்கட்டும் என்று பல்கலைக்கழகம் கட்டளையிட்டது. இணங்க மறுத்த மாணவர் ஊடக இயக்குநரைப் பணிநீக்கம் செய்தது, அச்சிதழையே நிறுத்தியது. காரணம் கேட்டபோது வந்த விடை, பொருள் நெருக்கடி என்பது. பல்கலைக்கழகம் சொன்ன கணக்கு பொய்யென்று சொல்லவில்லை. அவ்வேடு நட்டத்தில் இருந்தது மெய்யே. ஆனால் நட்டத்தைக் குறைப்பதற்கும் செய்தியை நீக்கச் சொல்வதற்கும் என்ன உறவு? செய்தி அச்சானாலும் மை அதே மை. விழாப் பக்கம் அச்சானாலும் தாள் அதே தாள்! அப்போது, விளையாட்டுத் திடலில் பரம்பரைப் பகை பாராட்டும் பர்டூ பல்கலைக்கழகத்து மாணவர் ஏடான 'எக்ஸ்போனன்ட்', தானே சிறப்பிதழ் அச்சிட்டுப் புளூமிங்டன் நகருக்குக் கொண்டுவந்து பரப்பியது. எதிர்ப்பு வலுத்தது, அத்திங்கள் முடிவதற்குள் பல்கலைக்கழகம் அச்சிதழுக்கு வழிவிட்டது. எக்ஸ்போனன்டால் அது முடிந்ததற்குக் காரணம், அது பல்கலைக்கழகத்தின் பணத்தில் வாழும் ஏடன்று என்பதே.

அப்படியானால் கல்லூரியிடமிருந்து பிரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அவ்வளவு எளிதன்று. ஜார்ஜியாவின் 'ரெட் அண்டு பிளாக்' 1980லேயே பல்கலைக்கழகத்திடமிருந்து பிரிந்து தனி நிறுவனமானது. 2012 ஆகஸ்டில், அதன் சொந்த நிருவாகக் குழுவே, மாணவர் எழுதுவதை மாணவரல்லாதார் முன்கூட்டிப் பார்வையிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆசிரியர் குழு எழுந்து வெளியே நடந்தது. அதன் பின்னரே குழு இறங்கிவந்தது. எசமானன் மாறினான், எசமானம் மாறவில்லை. ஆகவே பணப்பெட்டியைக் கல்லூரியிடமிருந்து வாங்கினால் மட்டும் போதாது. யாரிடம் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மாணவர் கட்டணத்தை நம்பினால்? கனடாவின் ஒண்டாரியோ மாநில அரசு 2019இல் ஒரு திட்டம் வகுத்தது. மாணவர் கட்டணங்களில் இன்றியமையாதவை இவை, விருப்பமிருந்தால் செலுத்தத்தக்கவை இவை என்று பிரித்தது. மாணவர் ஏடு விருப்பப் பட்டியலில் விழுந்தது! மாணவர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் அத்திட்டம் செல்லாதென்றது. 2021இல் மேல்முறையீட்டிலும் அரசு தோற்றது. வழக்கில் வென்றார்கள், மகிழ்ச்சி. ஆனால் தங்கள் பணத்தைத் தங்கள் ஏட்டுக்குத் தருவதற்கே நீதிமன்றப் படியேற நேர்ந்ததே! இதற்கு மாறாக, கலிபோர்னியாவின் 'டெய்லி கலிபோர்னியன்' 1971இல் தனித்து நின்று, பின்னர் விளம்பர வருவாய் சுருங்கியபோது, 2012இல் மாணவரிடமே வாக்குக் கேட்டது. மாணவர் வாக்களித்துச் சிறு கட்டணம் தர இசைந்தனர். நம் கட்டணச் சீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் மலர்ப் பணத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அங்கே கேட்டு வாங்கினார்கள். இங்கே கேளாமல் எடுக்கிறார்கள்.

நன்கொடையை நம்பினால்? 1971இல் கோவையில் ஆசிரியரும் இளைஞருமாகக் கூடி 'வானம்பாடி'யை விலையிலாக் கவிமடலாகப் பறக்கவிட்டனர். புகழ் நிலைத்தது, ஏடு நிலைக்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதைப் போற்றுகிறோம்; நின்றுவிட்டால் ஏனென்று கேட்க மறக்கிறோம்.

'தாளும் வேண்டா, மையும் வேண்டா; இணையத்தில் எழுதினால் செலவேது?' என்பார் உண்டு. தில்லி ஸ்டீஃபன்ஸ் கல்லூரி மாணவர் 2015இல் இணையத்திலேதான் கிழமை இதழ் தொடங்கினர். முதல்வரின் நேர்காணலை, அவருடைய இறுதி இசைவுக்கு முன்னரே வெளியிட்டதாகச் சொல்லி, இதழுக்குத் தடை விதிக்கப்பட்டது. பொறுப்பிலிருந்த மாணவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். தில்லி உயர்நீதிமன்றம் அந்த இடைநீக்கத்துக்குத் தடை விதித்தது. செலவில்லாத ஏட்டுக்கும் காவல் உண்டு என்பது இதனால் விளங்கும். மேலும், செலவில்லை என்பது அரைகுறை உண்மை. பேருந்தேறிப் போய்ச் செய்தி திரட்டுபவனுக்குப் பசிக்கும். வழக்கு வந்தால் வழக்கறிஞருக்குக் கட்டணம் உண்டு. இணையம் அச்சுக்கூலியை ஒழித்தது. உழைப்பின் கூலியை ஒழிக்கவில்லை. அதை மாணவனின் தலையில் சுமத்திவிட்டு, செலவே இல்லை என்று கணக்கெழுதுகிறோம். அப்படி எழுதினால் என்ன ஆகும்? வீட்டில் வசதி உள்ளவன் மட்டும் எழுதுவான். களையெடுக்கப் போகும் தாயின் மகள் எழுத மாட்டாள். மாணவர் ஏட்டின் பொருள்நிலை பற்றிய பேச்சு, அடிப்படையில் யார் எழுதலாம் என்னும் பேச்சே ஆகும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மேல்மலையனூரிலிருந்து பார்த்தால் இச்சிக்கல் வேறொரு முகம் காட்டுகிறது. இது வட்டத் தலைநகர். ஊராட்சி ஒன்றியத்தின் இருப்பிடம். வளத்தி, அவலூர்பேட்டை என்று சுற்றிலும் ஊர்கள். அமாவாசைதோறும் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் விழாவுக்குப் பல மாவட்டத்து மக்கள் வந்து குவிகிறார்கள். சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. அருகே செஞ்சிக் கோட்டை, 2025 சூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டைகள் வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றன. இத்தனை வாழ்வும் இத்தனை வணிகமும் நிறைந்த வட்டாரம் நாளேடுகளில் எப்போது இடம் பெறுகிறது? திருவிழா, விபத்து, தலைவர் வருகை! ஒன்றியக் கூட்டத்தில் எந்தத் தீர்மானம் நிறைவேறியது, நெல்லுக்கு எடை சரியாக இருந்ததா, அமாவாசைக்கு மறுநாள் குப்பையை அள்ளியவர் யார், அவருக்குக் கூலி எவ்வளவு, இவற்றை எழுதுவார் யார்?

இங்கிருந்து நாள்தோறும் பிள்ளைகள் செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பேருந்தேறிக் கல்லூரி போகிறார்கள். ஊரின் செய்தி அவர்களிடம் இருக்கிறது. ஊருக்குச் செய்தி வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஏடு இல்லை.

இந்த இடைவெளியில்தான் மாணவர் ஏட்டின் பொருள் எதிர்காலம் ஒளிந்திருக்கிறது என்பது என் துணிபு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மாணவர் ஏடான 'டெய்லி அயோவன்', 2024 சனவரியில் அருகிலிருந்த சிற்றூர்களின் இரண்டு கிழமை ஏடுகளை விலைக்கு வாங்கியது. 'சோலன் எகானமிஸ்ட்' ஒன்று. 'மவுண்ட் வெர்னன்–லிஸ்பன் சன்' மற்றொன்று. மூடும் நிலைக்கு வரக்கூடிய ஊர் ஏடுகளுக்கு இளைய கைகள் கிடைத்தன; மாணவருக்கு உண்மையான வாசகர் கிடைத்தனர். ஆன் ஆர்பர் நகரில் 2009இல் ஊர் நாளேட்டின் அன்றாட அச்சு நின்றபோது, 'மிச்சிகன் டெய்லி' என்னும் மாணவர் ஏடுதான் அந்நகரின் அச்சு நாளேடாக நின்றது. ஒன்று புரிகிறது. கல்லூரிச் சுவருக்குள் மட்டும் பேசும் ஏட்டைக் கல்லூரி நினைத்தால் நிறுத்தலாம். ஊருக்குப் பயன்படும் ஏட்டை நிறுத்தினால் ஊர் கேட்கும். ஊர் கேட்பதைவிடப் பெரிய வைப்புநிதி எந்த ஏட்டுக்கு உண்டு?

ஆகவே சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: மலர்க் கட்டணம் மறைந்து நிற்கக் கூடாது. தொகை என்ன, எதற்கு என்பதை மாணவர் வாக்கெடுத்து முடிவு செய்யட்டும். ஒருமுறை முடிவானபின், வெளிவந்த செய்தியைக் காரணம் காட்டி அதில் ஒரு காசும் குறைக்கலாகாது என்னும் விதி எழுதப்பட வேண்டும். வரவு செலவு ஆண்டுக்கொருமுறை அதே ஏட்டில் அச்சாக வேண்டும். பிறர் கணக்கைக் கேட்கப் போகும் ஏடு, தன் கணக்கை மறைக்கலாமா?

இரண்டு: ஏட்டுக்கு விலை வேண்டும், சிறிதாயினும் வேண்டும். கணக்குக்காக ஒன்று கொள்வோம். மாதம் 5 ரூபாய் விலை, 1,000 வாசகர், ஆண்டுக்குப் பத்து இதழ். திரள்வது 50,000 ரூபாய். நான்கு பக்கச் செய்தித்தாளுக்கு இது முழுவதும் போதாமல் இருக்கலாம். ஆனால் எவரிடமும் கையேந்தாமல் பேரம் பேசுவதற்கு இது அடித்தளம். 2022இல் புதுமைப் பெண் திட்டமும், 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பெற்றபோது, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி புகுந்தோர்க்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அதில் கைவைக்கச் சொல்லவில்லை. ஐந்து ரூபாய் கொடுத்து ஏடு வாங்கும் மாணவி, அடுத்த இதழில் 'என் விடுதியைப் பற்றி ஏன் எழுதவில்லை?' என்று கேட்கும் உரிமை பெறுகிறாள் என்பதையே சொல்கிறேன்.

மூன்று: விளம்பரம் வாங்குக, அடிமையாகற்க. உரக்கடை, துணிக்கடை, உணவகம், புத்தகக் கடை ஆகிய பலரிடம் சிறிது சிறிதாக வாங்கினால், ஒருவர் முகம் சுளித்தாலும் ஏடு சாயாது. ஒருவரே முழுப் பக்கம் தந்தால் அவரே ஆசிரியர் ஆகிவிடுவார். இங்கே நம்மவர் காதுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தலைவர் பிறந்தநாளுக்கு வாழ்த்து விளம்பரம் என்னும் வழக்கம் நம் ஏடுகளை வாழவைத்தது மெய். பல ஏடுகளின் நாவைக் கட்டியதும் மெய். மாணவர் ஏட்டுக்கு அந்தப் பால் வேண்டா. அதில் உறக்க மருந்து கலந்திருக்கிறது.

நான்கு: மாணவன் மூன்றாண்டில் போய்விடுவான். ஏடு போகக் கூடாது. ஆகவே முன்னாள் மாணவர், வெளியார் கணக்காய்வாளர், நடப்பு மாணவர் ஆகியோர் கொண்ட அறக்கட்டளை ஒன்று வேண்டும். பணத்தைக் காப்பது அதன் கடமை. எழுத்தைத் தொடாமலிருப்பது அதனினும் பெரிய கடமை. ஜார்ஜியாவில் நடந்தது இங்கே நடவாதிருக்க, இந்த இரண்டாவது கடமையை ஆவணத்திலேயே பொறிக்க வேண்டும். 1867ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் போய், 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. ஏட்டின் பெயருக்கும் பதிவுக்கும் ஒரே விண்ணப்பம் என்று வழி எளிதாக்கப்பட்டது. முறையாகப் பதிவு செய்து வெளிவரும் ஏட்டைக் கல்லூரி அறிவிப்புப் பலகையிலிருந்து கழற்றுவதுபோல் கழற்ற முடியாது.

ஐந்து: கல்லூரிக்கொரு நலிந்த ஏடு வேண்டா. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களில் படிக்கும் மாணவர் கூடி ஒரே வட்டார ஏடு நடத்தட்டும். அச்சுக்கூலி பங்கிடப்படும், விளம்பரப் பரப்பு விரியும். ஒரு கல்லூரியின் முதல்வர் சினந்தால் மற்றக் கல்லூரி மாணவர் அச்சிடுவர். இந்தியானாவுக்குப் பர்டூ துணை நின்றது போல.

வரும் வழி சிறிதானாலும், போகும் வழி அகலாவிட்டால் கேடில்லை என்பது வள்ளுவர் வகுத்த பொருளியல். மாணவர் ஏட்டுக்கு வழவழப்புத் தாள் வேண்டா. வண்ண அட்டை வேண்டா. வாழ்த்துரைப் பக்கங்களும் வேண்டா. அவற்றை நீக்கினாலே பாதிச் செலவு பறந்துவிடும். பாதி அடிமைத்தனமும் உடன் பறந்துவிடும்.

இன்னொன்றும் கூறி முடிக்கிறேன். கவிதை எழுதும் மாணவனைக் கைதட்டிப் போற்றுகிறோம். கட்டுரையாளனுக்குப் பரிசளிக்கிறோம். சந்தா திரட்டுபவனை, கடைகடையாய் ஏறி விளம்பரம் கேட்பவனை, கணக்கேட்டில் காசுக்குக் காசு எழுதி வைப்பவளை எவரும் மேடைக்கு அழைப்பதில்லை. அந்தக் கணக்கெழுதும் பெண்ணே ஏட்டின் உயிரைக் காப்பவள். அவளுக்கு முதல் வரிசையில் நாற்காலி போடும் கல்லூரியில் மாணவர் ஏடு வாழும். அவளை மறந்துவிட்டு உரிமை முழக்கம் மட்டும் செய்யும் கல்லூரியில், அடுத்த ஆண்டும் அமைச்சர் வாழ்த்தோடு மலர்தான் வெளிவரும்.